கைப்பேசிகளைச் சீர்தூக்கிப் பார்த்தல்



ஒரு பண்டத்தை வாங்குமுன் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கத்தரிக்காயைக் கூடக் காம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறோம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பாராமல் மாடு வாங்கியவரை ஊரே சிரிக்கும். ஆனால், ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் விழுங்கிவிடும் கைப்பேசியை வாங்கும்போது மட்டும், பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களையும் நண்பர் ஒருவர் சொன்ன சொல்லையும் நம்பிப் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம். கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு வாங்கித் தரும் கைப்பேசி பட்டம் பெறும் வரையில் உழைக்குமா, இரண்டாம் ஆண்டிலேயே மறுபடியும் தந்தையின் முகத்தைப் பார்க்கச் செய்யுமா என்பது சிறிய விஷயம் அன்று. உழைப்பு, வேகம், வசதி என்னும் மூன்றையும் எவ்வாறு எடைபோடுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

உதாரணத்துக்கு மூன்று கைப்பேசிகளை எடுத்துக் கொள்வோம். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 15, 2023 செப்டம்பரில் வந்தது. கூகுளின் பிக்சல் 8 அடுத்த மாதமே வந்தது. சாம்சங்கின் கேலக்சி எஸ் 24, 2024 ஜனவரியில் வந்தது. வெளியானபோது இவற்றின் இந்திய விலை முறையே 79,900, 75,999, 79,999 ரூபாய். இது மாணவர் கைக்கு எட்டும் விலையா என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலோருக்கு எட்டாதுதான். எனினும், ஏறக்குறைய ஒரே விலைக்கு ஒரே காலத்தில் போட்டியிட்டவை ஆதலால் சீர்தூக்கிப் பார்க்க இவை மிகவும் ஏற்றவை. தராசு பிடிக்கும் முறை தெரிந்துவிட்டால் பதினையாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்கும் அதே தராசு செல்லும்.

எங்கே தொடங்குவது? கடைக்காரர் புகைப்படக் கருவியில் தொடங்குவார். நாம் காரைக்குடியில் தொடங்குவோம்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதை அறிவீர்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் வழங்க முன்வந்ததன் பயனாக எழுந்த நிலையம் அது. 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். மின்சாரமும் ரசாயனமும் சந்திக்கும் இடங்களை ஆராய்வதே அதன் பணி. இரும்பு துருப்பிடிப்பது அங்கே ஓர் ஆராய்ச்சிப் பொருள். மின்கலம் மற்றோர் ஆராய்ச்சிப் பொருள். அந்நிலையத்தார் ஆராயும் லித்தியம் மின்கலத்தின் இனந்தான் நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. கைப்பேசியின் ஆயுளை முதன்மையாக நிர்ணயிப்பதும் அந்த மின்கலமே என்பது என் கருத்து. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்.

லித்தியம் அயனி மின்கலத்தை 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு அடிகோலிய விட்டிங்காம், குட்எனஃப், யோஷினோ என்னும் மூவருக்கும் 2019இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன் அமைப்பு எளியது. ஒருபுறம் கிராபைட் எனப்படும் கரியாலான எதிர்முனை. மறுபுறம் கோபால்ட் முதலிய உலோகங்களின் ஆக்சைடாலான நேர்முனை. இடையே தலைமயிரைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் திரை. எல்லாவற்றையும் நனைத்துக் கொண்டிருக்கும் ஒரு திரவம். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கரியின் அடுக்குகளுக்கிடையே சென்று தங்குகின்றன. கைப்பேசியைப் பயன்படுத்தும்போது அவை திரும்பி வருகின்றன. ஊஞ்சல் ஆடுவது போன்ற இந்தப் போக்குவரத்தே நமக்கு மின்சாரம் ஆகிறது.

ஊஞ்சல் என்றால் சங்கிலி தேயத்தான் வேண்டும். கரியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் படிகிறது. முதலில் அது காவலாக நிற்கிறது. நாளடைவில் தடித்து, லித்தியத்தில் ஒரு பங்கைத் தன்னிடமே பிடித்து வைத்துக் கொள்கிறது. போனவை அனைத்தும் திரும்பி வருவதில்லை. புதிதில் நாள் முழுவதும் தாங்கிய கைப்பேசி இரண்டாண்டு கழித்து மாலை நான்கு மணிக்கே ஓய்ந்து போவதன் காரணம் இதுதான். இந்தத் தேய்மானத்தைச் 'சுற்று'க் கணக்கில் அளக்கிறார்கள். நூறு பங்கு மின்சாரம் செலவானால் ஒரு சுற்று. இன்று பாதியும் நாளை பாதியும் செலவானால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுற்று. ஐபோன் 14 வரையிலான கைப்பேசிகளுக்கு 500 சுற்றுக்குப் பின் எண்பது விழுக்காடு கொள்ளளவு எஞ்சும் என்று கூறி வந்த ஆப்பிள், ஐபோன் 15க்கு 1,000 சுற்று என்று 2024இல் அறிவித்தது. நாளுக்கு ஒரு சுற்று என்று கொண்டால் 500 சுற்று என்பது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. 1,000 சுற்று என்பது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகள் 800 சுற்றுக்குப் பின்னும் எண்பது விழுக்காடு தாங்க வேண்டும் என்று சட்டமே செய்துவிட்டார்கள்.

இங்கே ஒரு சொல் கவனிக்க வேண்டும். பெட்டியின்மேல் 'ஐயாயிரம் மில்லி ஆம்பியர் மணி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது தொட்டியின் கொள்ளளவு. குழாய் எவ்வளவு ஒழுகுகிறது என்பதை அது சொல்லாது. தொட்டி எத்தனை ஆண்டு நிற்கும் என்பதையும் சொல்லாது. ஐபோன் 15இன் கொள்ளளவு 3,349. கேலக்சி எஸ் 24 உடையது 4,000. பிக்சல் 8 உடையது 4,575. எண்ணை மட்டும் பார்ப்பவர் பிக்சலையே வாங்குவார். ஆனால் செலவழிக்கும் சில்லு சிக்கனமானதா, ஊதாரியா என்று பாராமல் கொள்ளளவை மட்டும் ஒப்பிடுவது, குடும்பத்தின் செலவை அறியாமல் வருமானத்தை மட்டும் கேட்டுப் பெண் கொடுப்பது போன்றது.

இனி வெப்பத்துக்கு வருவோம். சிவகங்கைச் சீமையில் இருப்பவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பகுதி இது. மூன்று நிறுவனங்களும் தங்கள் கைப்பேசியை எத்தகைய சூழலில் பயன்படுத்த வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கின்றன. மூன்றும் சொல்வது ஒன்றே: பூச்சியம் முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. சித்திரையிலும் வைகாசியிலும் காரைக்குடி வெயில் 35 டிகிரியோடு நிற்பதில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. குளிர்நாட்டு மேசையின்மேல் வைத்து எழுதப்பட்ட மதிப்புரை நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அப்படியே பொருந்தாது. பத்து டிகிரி வெப்பம் ஏறினால் பல ரசாயன வினைகளின் வேகம் தோராயமாக இரட்டிக்கும் என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே உள்ள செய்தி. படலம் தடிப்பதும் ஒரு ரசாயன வினைதான். சுடும் மின்கலம் விரைவில் மூப்படைகிறது. நிறைய மின்னேற்றிய நிலையில் சுட்டால் இன்னும் விரைவாக மூப்படைகிறது.

ஆகவே மின்னேற்றும்போது விளையாடுவதும், தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றுவதும், வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி அருகே விட்டுச் செல்வதும் வாங்கிய பொருளை நாமே தின்பதற்குச் சமம். செட்டிநாட்டு வீடுகளின் உயர்ந்த கூரையும், காற்றோடும் வளவும், சுண்ணாம்புச் சாந்துச் சுவரும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வெப்பத்தைத் தடுக்கவென்றே அமைந்தவை. அந்தத் தரையின்மேல் கைப்பேசியை வைத்து மின்னேற்றினால், மெத்தையின்மேல் வைப்பதைவிட வெப்பம் எளிதில் இறங்கிவிடும். காசில்லாத வைத்தியம்! எண்பது விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்திக் கொள்ளும் ஏற்பாடும் இம்மூன்று கைப்பேசிகளிலும் உண்டு. பிக்சலுக்கு மட்டும் அது பின்னால் மென்பொருள் வழியாக வந்து சேர்ந்தது.

மின்கலத்தைப் பற்றிப் பேசும்போது 2016ஆம் ஆண்டை மறக்க முடியாது. அவ்வாண்டு சாம்சங் வெளியிட்ட கேலக்சி நோட் 7 பல நாடுகளில் தீப்பற்றியது. செப்டம்பரில் சுமார் 25 லட்சம் கைப்பேசிகளைத் திரும்பப் பெற்றார்கள். வேறொரு நிறுவனத்தின் மின்கலத்தை வைத்து மாற்றிக் கொடுத்தார்கள், அவையும் தீப்பற்றின. அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் காரணம் வெளியாயிற்று. முதல் வகை மின்கலத்தில் ஒரு மூலையில் எதிர்முனைத் தகடு வளைந்திருந்தது. இரண்டாவதில் பற்றவைப்பின் பிசிறு கூர்மையாக நீட்டிக் கொண்டிருந்தது. சிலவற்றில் காப்பு நாடா ஒட்டவே இல்லை. நான் முன்பு சொன்ன அந்த மெல்லிய திரையில் ஓட்டை விழ இவை போதும். பெரிய பெயர் ஒன்றே போதிய காப்பு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே சமயம், குறை கண்டதும் விற்ற பொருளைத் திரும்பப் பெறும் வலிமையும் கடமையும் பெயர் பெற்ற நிறுவனத்துக்கு உண்டு. முகவரியில்லாத மலிவு மின்கலத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

உழைப்பின் அடுத்த அங்கம் கண்ணாடி. இதில் ஓர் அழகிய ரசாயனம் ஒளிந்திருக்கிறது. கைப்பேசிக்கான கண்ணாடியை ஏறத்தாழ 400 டிகிரி வெப்பத்தில் உருகிய பொட்டாசிய உப்பில் மூழ்க வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சிறிய சோடிய அயனிகள் வெளியேற, அந்த இடங்களில் பருத்த பொட்டாசிய அயனிகள் வந்து அமர்கின்றன. மூவர் அமரும் பேருந்து இருக்கையில் ஒல்லியானவர் எழுந்து பருமனானவர் அமர்ந்தால் எப்படி இருக்கும்? அந்த நெருக்கமே பலம். மேற்பரப்பு முழுவதும் இறுகி நிற்பதால் விரிசல் எளிதில் வாய் திறப்பதில்லை. எஸ் 24இல் இருப்பதும் பிக்சலில் இருப்பதும் கார்னிங் நிறுவனத்தின் கண்ணாடியே. ஐபோனுக்கும் அந்நிறுவனமே கண்ணாடிக்குள் பீங்கான் படிகங்களை வளர்த்துத் தருகிறது. கீழே விழுந்தால் தாங்கும் திறத்தில் பத்தாண்டுக்கு முன்னிருந்த கண்ணாடிக்கும் இவற்றுக்கும் வேற்றுமை மிகுதி. ஆனால் கீறலில் அவ்வளவு முன்னேற்றம் இல்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் இத்தகைய கண்ணாடி ஆறாம் படியை ஒட்டிக் கீறல் காணும். மணலில் உள்ள குவார்ட்ஸ் ஏழாம் படி. சாவி கீறாத கண்ணாடியைச் சட்டைப் பையில் ஒட்டிய ஒரு மணல் துகள் கீறிவிடுகிறது. மூன்றுக்கும் முதுகும் கண்ணாடியாகவே இருப்பதால், நூறு ரூபாய் உறை வாங்கி மாட்டுவதை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

தண்ணீர்க் காப்புக்கு 'ஐ.பி.' எண் ஒன்று தருகிறார்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாம் இலக்கம் நீருக்கு. மூன்று கைப்பேசிகளும் பெற்றிருப்பது ஐ.பி. 68. ஒரே எண், ஆகவே ஒரே காப்பு என்று எண்ணிவிடாதீர்கள். எட்டு என்னும் இலக்கத்துக்குரிய ஆழத்தை அந்தந்த நிறுவனமே கூற வேண்டும் என்பது விதி. ஐபோன் 15க்கு ஆறு மீட்டர், எஸ் 24க்கு ஒன்றரை மீட்டர், இரண்டுக்கும் முப்பது நிமிடம். அதுவும் ஆய்வுக்கூடத்து நன்னீரில். கடல்நீருக்கும் நீச்சல் குளத்து நீருக்கும் இது பொருந்தாது. தன் கைப்பேசிகளை அவ்விடங்களில் பயன்படுத்தலாம் என்று தோன்றும்படி விளம்பரம் செய்ததற்காகச் சாம்சங்கின் ஆஸ்திரேலியக் கிளைக்கு 2022இல் ஒரு கோடியே நாற்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. தண்ணீர்க் காப்புப் பற்றிய விளம்பரத்துக்காக இத்தாலியில் ஆப்பிளுக்கு 2020இல் ஒரு கோடி யூரோ அபராதம் விழுந்தது. ஈரம் உலராத துவாரத்தில் மின்னேற்றும் கம்பியைச் செருகினால் அங்கே ஒரு சிறு மின்பகுப்பு நடந்து, உலோக முனைகள் அரிக்கப்படும். வியர்வையின் உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை.

இப்போது வேகம். கைப்பேசியின் மூளை அதன் சில்லு. ஐபோன் 15இல் இருப்பது ஏ 16. பிக்சலில் டென்சர் ஜி 3. இந்தியாவில் விற்ற எஸ் 24இல் எக்சினோஸ் 2400. மூன்றையும் '4 நானோமீட்டர்' முறையில் செய்ததாகச் சொல்கிறார்கள். இது இக்காலத்தில் சில்லுக்குள் எதையும் அளந்து பெற்ற அளவன்று. தலைமுறையைக் குறிக்கும் பட்டப் பெயர். ஆகவேதான் மூன்றுக்கும் ஒரே பெயர் இருந்தும், கணக்கிடும் ஆற்றலில் டென்சர் ஜி 3 மற்ற இரண்டுக்கும் பின்தங்கியே நின்றது.

எஸ் 24 பற்றி ஒரு முக்கியமான செய்தி. அமெரிக்காவில் விற்ற எஸ் 24இல் எக்சினோஸ் இல்லை; ஸ்நாப்டிராகன் என்னும் வேறு சில்லு இருந்தது. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, இதயம் வேறு. அமெரிக்க மதிப்புரையைக் கண்டு காரைக்குடியில் எஸ் 24 வாங்கியவர், தாம் படித்த பொருளை வாங்கவில்லை. எஸ் 22 இந்தியாவுக்கு ஸ்நாப்டிராகனோடு வந்தது. எஸ் 23 உலகெங்கும் அதனோடு வந்தது. எஸ் 24இல் மறுபடியும் பிரிவினை. ஆண்டுதோறும் மாறும் இந்த வழக்கத்தை அறியாமல் ஒப்பீடு செய்வதில் பொருளில்லை.

வேகத்தை அளக்க மதிப்பெண் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. தேர்வு என்றால் மோசடியும் உண்டு என்பது மாணவர்களுக்குத் தெரியாதது அன்று. 2021இல் ஒன்பிளஸ் 9, 2022இல் சாம்சங்கின் எஸ் 10 முதல் எஸ் 22 வரையிலான வரிசைகள் ஆகியவற்றை கீக்பெஞ்ச் என்னும் மதிப்பீட்டாளர் தம் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அன்றாடம் பயன்படும் செயலிகளை இவை மெதுவாக ஓட்டிவிட்டு, தேர்வு மென்பொருளைக் கண்டதும் முழு வேகத்தில் ஓடின என்பதே குற்றச்சாட்டு. மின்கலத்தையும் வெப்பத்தையும் காப்பதற்காகச் செய்தோம் என்று நிறுவனங்கள் கூறின. அந்தச் சமாதானத்தில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. எந்தச் சில்லும் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும், குறைக்காவிட்டால் கெட்டுவிடும். ஐந்து நிமிடம் ஓடுபவன் வேறு, ஒரு மணி நேரம் ஓடுபவன் வேறு. நம் ஊர் வெயிலில் அரைமணி நேரம் வரைபடம் பார்த்துக் கொண்டே செல்லும்போது எந்தக் கைப்பேசி மங்காமல், தடுமாறாமல் இருக்கிறதோ அதுவே நமக்கு வேகமான கைப்பேசி.

மின்கலத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை உலகம் 2017 டிசம்பரில் அறிந்தது. மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்து போகாமல் இருக்க அவற்றின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக் கொண்டது. செய்த காரியத்தைவிட, சொல்லாமல் செய்ததே மக்களுக்குச் சினமூட்டியது. கைப்பேசி கிழடாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியவர்கள் பலர். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு புதிய மின்கலம் மட்டுமே. அமெரிக்க வழக்கில் ஐம்பது கோடி டாலர் வரை கொடுக்க இசைந்து 2020இல் சமாதானம் செய்து கொண்டார்கள்.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கடைக்காரரே அதைச் சொல்லிவிடுவார். திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுவது எஸ் 24இலும் பிக்சலிலும் உண்டு; ஐபோன் 15இல் 60 முறைதான். புகைப்படக் கருவியில் 48, 50, 50 மெகாபிக்சல். இந்த வேற்றுமையால் ஒன்றும் விளைவதில்லை. தொலைவிலுள்ளதை அருகே காட்டும் தனி வில்லை எஸ் 24இல் மட்டும் இருக்கிறது. தமிழ் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எஸ் 24 வெளிவந்தபோது, பேசும்போதே மொழிபெயர்க்கும் திறன் பெரிதாக விளம்பரம் செய்யப்பட்டது. தொடக்கத்தில் அதற்குத் தெரிந்த மொழிகள் பதின்மூன்று. இந்தி இருந்தது, தாய்லாந்து மொழியும் வியட்நாம் மொழியும் இருந்தன, தமிழ் இல்லை. வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. நம் மொழியில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

வானொலியில் பேசுகிறவன் வானொலியைப் பற்றிச் சொல்லாமல் போகலாமா? பண்பலை வானொலி கேட்கும் வசதி இம்மூன்று உயர்ந்த விலைக் கைப்பேசியிலும் கிடையாது! மலிவான கைப்பேசிகள் பலவற்றில் அது இருக்கிறது. காதில் மாட்டும் கம்பியே வானலை வாங்கியாகப் பயன்படுகிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிப் புதுக்கோட்டை வரை சீரழித்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்தன; கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. அத்தகைய நாளில் இணையம் இல்லாத கைப்பேசி வெறும் கைவிளக்குத்தான். தொலைவிலுள்ள ஒரு வானொலிக் கோபுரத்தின் குரலை வாங்க இணையம் வேண்டியதில்லை. பேரிடர்க் காலத்தை எண்ணியே, பண்பலை வசதியை முடக்காமல் வைக்குமாறு 2023இல் இந்திய அரசு கைப்பேசி நிறுவனங்களுக்கு அறிவுரை கூறியது.

கைப்பேசிக்கு மற்றோர் ஆயுளும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. மென்பொருளில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் நிறுவனம் அவற்றை அடைத்து அனுப்ப வேண்டும். அது நின்றுவிட்டால் உடல் நன்றாக இருந்தும், வங்கிக் கணக்கை நம்பி வைக்கத் தகாததாகிவிடும் கைப்பேசி. பிக்சல் 8க்கும் எஸ் 24க்கும் ஏழு ஆண்டு மென்பொருள் தருவதாக அந்நிறுவனங்கள் வாக்களித்தன. ஐபோனின் பழைய வரலாறு நம்பிக்கை தருவது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. விலை குறைந்த கைப்பேசிகளில்தான் இக்கணக்கு சுருங்குகிறது. சிலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டோடு சரி. பெட்டியில் பெரும்பாலும் இது அச்சிடப்படுவதில்லை. கேட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டும்.

நகரத்தார் கொண்டுவிக்கச் சென்ற நாடுகளில் எல்லாம் அவர்களைக் காப்பாற்றியது ஐந்தொகை என்னும் வரவுசெலவுக் கணக்கு. அந்தக் கண்ணால் கைப்பேசியைப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 24,000 ரூபாய்க்கு வாங்கிய கைப்பேசி இரண்டாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். 40,000 ரூபாய்க்கு வாங்கியது, நடுவில் 3,000 ரூபாய்க்கு ஒரு மின்கலம் மாற்றி ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 8,600 ரூபாய். 15,000 ரூபாய்க் கைப்பேசியை நிழலில் வைத்து, உறை மாட்டி, மின்கலம் மாற்றி நான்காண்டு காப்பாற்றிவிட்டால் இவை இரண்டையும் அது வென்றுவிடும். இக்கணக்கில் மின்கலம் மாற்றும் கூலியும், அது நம் ஊரில் கிடைக்கிறதா, மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டுமா என்பதும் சேர வேண்டும். பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளம் திறந்தது. உதிரிப் பாகம், உத்தரவாதம் பற்றிய விவரங்களை அங்கே பார்க்கலாம். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போனவர்கள், பழைய வீடுகளிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்கள் இன்றும் நல்ல விலைக்குப் போவதைக் கண்டிருப்பார்கள். கைப்பேசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வாங்கிய மறுநாளே விலை இறங்கத் தொடங்குகிறது.

அந்த மூன்றில் எது சிறந்தது என்று வற்புறுத்திக் கேட்டால் என் விடை இது. நெடுநாள் வைத்திருக்க நினைப்பவருக்கு, மின்கலச் சுற்றை வெளிப்படையாகச் சொல்லி, ஆழத்தையும் அதிகமாகச் சொன்ன ஐபோன் 15 ஒரு படி மேல். திரையும் தொலைவில்லையும் வேண்டுபவருக்கு எஸ் 24. புகைப்படத்தில் பிக்சலைப் போற்றுவோர் பலர்; ஆனால் சில்லின் வலிமை குறைவு என்பதால் அதே விலைக்கு நான் அதை முன்வைக்க மாட்டேன். இப்போது இம்மூன்றும் பழைய கைப்பேசிகளாகவே பெரும்பாலும் கிடைக்கும். அப்படி வாங்குவோர்க்கு ஐபோன் 15 ஒரு நன்மை செய்திருக்கிறது: இதுவரை எத்தனை சுற்று ஓடியது என்ற எண்ணை அமைப்புகள் பக்கத்திலேயே அது காட்டும்.

பழைய கைப்பேசி எதுவானாலும் பணம் கொடுக்குமுன் ஸ்டார், ஹாஷ், பூச்சியம், ஆறு, ஹாஷ் என்று அழுத்துங்கள். பதினைந்து இலக்க அடையாள எண் ஒன்று திரையில் தோன்றும். கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தக் கைப்பேசியின் விவரம் அரசின் பதிவேட்டிலிருந்து உங்களுக்கு வரும். திருட்டுப் போனதாக முடக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.